‘அருகாமை உணரி’ வேண்டாம்: கிட்டவுணரி என்றொரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

செல்போன் உறுப்புகளுக்குத் தமிழ்ப் பெயர் தரும் நம் பட்டியலில், முகம் கிட்ட வந்தால் திரையை அணைக்கும் ப்ராக்ஸிமிட்டி சென்சாருக்கு ‘அருகாமை உணரி’ என்று போட்டிருக்கிறோம். அதை மாற்றக் கேட்டு இந்த மடல்.

பாளையங்கோட்டையில் செல்போன் பழுது பார்க்கப் படிக்க வரும் பையன்களுக்குச் சாயங்காலம் பாடம் எடுக்கிறேன். போன வாரம் ஒருவன் அவன் மாமா துபாயிலிருந்து கொண்டுவந்த பழைய ஐபாட் டச் ஒன்றை நீட்டினான். பார்க்க ஐபோன் போலிருக்கும் பாட்டுக் கருவி அது. “அண்ணாச்சி, இதைக் காதுல வச்சுப் பாத்தேன், வெளிச்சம் அணையவே மாட்டேங்கு. சென்சார் போச்சோ?”

போகவில்லை. அதில் வைக்கவே இல்லை. போனில் பேசும்போது கன்னம் திரையில் பட்டு அழைப்பு துண்டிக்கப்படலாம். அதைத் தடுக்கத்தான் காதுப்பக்க ஸ்பீக்கரை ஒட்டி அகச்சிவப்பு ஒளி விடும் எல்.இ.டி. ஒன்றும் அந்த ஒளியை வாங்கும் டயோடு ஒன்றும் இருக்கின்றன. ஒளி முகத்தில் பட்டுத் திரும்பினால், முகம் சில சென்டிமீட்டருக்குள் வந்துவிட்டது என்று திரை அணையும். டெம்பர்டு கிளாஸைக் கோணலாக ஒட்டி அந்த இடம் மறைந்தாலும் இதேபோல அணைந்துவிடும். கடைக்கு வருகிற ‘டிஸ்ப்ளே கம்ப்ளெயின்ட்’ சில இவ்வளவுதான். பாட்டுக் கேட்கும் கருவியில் சிம் கிடையாது, காதில் வைத்துப் பேசும் ஸ்பீக்கரும் கிடையாது. கன்னத்துக்கு அங்கே வேலையில்லை, உணரிக்கும் வேலையில்லை.

இதையெல்லாம் சொல்லிவிட்டுப் பலகையில் ‘அருகாமை உணரி’ என்று எழுதினேன். எழுதியதும் எனக்கே உறுத்தியது. கல்லாமை, பொய்யாமை, கொல்லாமை என்ற வரிசையில் வைத்துப் பார்த்தால் அருகாமை என்பது அருகாதிருத்தல். கிட்ட வருவதை அறியும் கருவிக்குக் கிட்ட வராமையின் பெயரா? வழக்கில் வந்துவிட்டது, விடுங்கள் என்று சொல்லலாம். பேச்சில் வந்ததை நானும் திருத்த மாட்டேன். நாமே புதிதாக ஆக்கும் சொல்லில் ஏன் அந்த முள்?

சென்ற மடலில் மதுரை நண்பர் சொன்ன ‘அண்மை உணரி’ இலக்கணத்துக்குக் குறையில்லாதது. ஆனால் ‘அண்மையில் வெளிவந்த’ என்று காலத்துக்கே அச்சொல்லைப் படித்துப் பழகிய பையன்களிடம் அது ஒட்டவில்லை. பொருள் கேட்டேன், “புதுசா வந்த சென்சார்” என்றான் ஒருவன்.

ஆகவே ‘கிட்டவுணரி’ என்று முன்வைக்கிறேன். இது பேச்சுச்சொல், கலைச்சொல்லாக நிற்காது என்பீர்கள். நிற்கிறதே: கிட்டப்பார்வை. பள்ளிப் பாடத்திலும் கண் மருத்துவமனையிலும் அதைத்தான் சொல்கிறோம், யாரும் கொச்சை என்று தள்ளவில்லை. ‘உணரி’ பாக்குவெட்டி, களைக்கொத்தி, தேங்காய்த்துருவி போலச் செய்யும் வேலையால் பெயர் பெற்றது. அதில் நமக்குள் கருத்துவேற்றுமை இல்லை. எங்கள் ஊரில் ஆற்றுக்குக் கிட்ட, கோயிலுக்குக் கிட்டக்க என்றுதான் பேச்சு. ஈழத்து நண்பர்களுக்கும் கிட்ட என்ற சொல் பழக்கமானதே.

ஒரு தடையை நானே சொல்லிவிடுகிறேன். ‘என்கிட்ட சொல்லு’ என்பதில் இதே சொல் ஒரு வேற்றுமை உருபு போல வருகிறது. ஆனால் அங்கே அது பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வருவது. சொல்லின் முதலில் நின்றால் நெருக்கம் என்ற பொருள் மட்டுமே தருகிறது. பையன்களிடம் சொல்லிப் பார்த்தேன், விளக்கம் கேட்காமலே திரைக்கு மேலே காதுப்பக்க இடத்தில் விரலை வைத்தார்கள்.

கிட்ட உணரி என்று பிரிக்காமல் சேர்த்தே எழுத விரும்புகிறேன். அகரவரிசையில் ஒரே சொல்லாகக் கிடைக்கும். இரண்டு சொல்லையும் இணைக்க நடுவே வரும் ‘வ்’ (வகர உடம்படுமெய்) படிப்பவர்களுக்கு இடறும் என்று தோன்றினால் சொல்லுங்கள், பிரித்தெழுத எனக்கு மறுப்பில்லை.