சாம் பிரவுன் பெல்ட்: பச்சைக் களிம்பு, சிவப்புத் தூள்

கேள்வி: முதல் உலகப்போர் கால பிரிட்டிஷ் அதிகாரி பெல்ட், தோள்வாரோடு கிடைத்திருக்கிறது. பித்தளைக் கொக்கியைச் சுற்றி மெழுகு மாதிரி பச்சையாகப் படிந்திருக்கிறது. வாரைத் தொட்டால் விரலில் சிவப்புத் தூள். எண்ணெய் தடவலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். தோலிலுள்ள கொழுப்பு பித்தளையின் செம்போடு சேர்ந்துதான் அந்தப் பச்சை. எண்ணெய் விட்டால் இன்னும் வளரும், தையல் நூலும் இற்றுப்போகும். மரப் பல்குச்சியால் சுரண்டி, உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். பிராசோ (உலோகம் துலக்கும் பாலிஷ்) போடாதீர்கள், தையல் துளைகளில் வெள்ளையாக உறைந்துவிடும்.

பதில்: பச்சையை விடுங்கள், சிவப்புத் தூள்தான் ஆபத்து. அது 'ரெட் ராட்'. மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலை அமிலம் அரித்து, நார் உதிர்கிறது. பழைய நிலைக்குத் திரும்பாது, உதிராமல் கட்டிவைக்கத்தான் முடியும். 100 மி.லி. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் 1 முதல் 2 கிராம் க்ளூசெல் ஜி (உதிரும் தோலை இறுக்கும் செல்லுலோஸ் தூள்) போட்டு, இரவு முழுக்கக் கரையவிட்டு, மென்தூரிகையால் மெல்லிசாகப் பூசுங்கள். முதலில் உட்புற ஓரத்தில் சோதியுங்கள். தண்ணீர் பட்டால் தோல் கறுத்து இறுகிவிடும்.

பதில்: கொக்கியில் மாட்டி மடித்து வைக்காதீர்கள், மடிப்பிலேயே வெடிக்கும். அமிலமற்ற தாளில் நீட்டி வையுங்கள், ஈரப்பதம் 45–55%. பிளாஸ்டிக் பையில் பூஞ்சை பிடிக்கும். 1858இல் இடக்கையை இழந்த பிரிட்டிஷ் அதிகாரி சாம் பிரவுன் வாளைத் தாங்க அமைத்ததே இந்தத் தோள்வார்; அதை மாற்றிப் புது வார் போட்டுவிடாதீர்கள்.