3600-ஐ லேப்டாப் ஜெயிச்சிருச்சா?

சிம்ஸ்பார்க்: "லிஸ்ப் மொழியில எழுத, எமாக்ஸ் எடிட்டரும் எஸ்பிசிஎல் கம்பைலரும் இருக்கற லேப்டாப் போதும், சிம்பாலிக்ஸ் 3600 மியூசியத்துக்குத்தான்"னு நேத்து ஒருத்தர் இங்க எழுதியிருக்காரு. லிஸ்ப்புக்காகவே 1983ல வந்த மெஷின் அது. 36 பிட் வேர்டு, ஒவ்வொண்ணுலயும் அது எந்த வகை டேட்டான்னு சொல்ற டேக், கூட்டும்போதே ஹார்டுவேர் டைப்பைச் சரிபார்க்கும். எரர் வந்தா டிபக்கர்லயே ஃபங்ஷனைத் திருத்தி, அங்கிருந்தே ஓட்டலாம்.

கோத்தகிரிக்காரன்: எழுதினது நான்தான் சார். எமாக்ஸ்ல லிஸ்ப் எழுத உதவற ஸ்லைம்லயும் அதேதான். டிபக்கர் காட்டற ஃபிரேம்ல, அதாவது பாதியில நிக்கற ஃபங்ஷன் கால்ல, 'வி' அழுத்தினா சோர்ஸ் வரும். திருத்தி கன்ட்ரோல்-சி ரெண்டு தடவை அழுத்தினா கம்பைல் ஆகும், திரும்பி வந்து 'ஆர்' அழுத்தினா அந்த ஃபிரேம் மறுபடி ஓடும். டிபக் செட்டிங்கை 3ல வெச்சு கம்பைல் பண்ணியிருக்கணும், இல்லேன்னா அந்த ஃபிரேமை மறுபடி ஓட்ட விடாம போகலாம்.

சிம்ஸ்பார்க்: சாக்கெட்டுக்கு, அதாவது புரோகிராம் நெட்வொர்க்குக்குப் போற வாசலுக்கு, அடியில தப்பு வந்தா? 3600-ஓட ஆபரேட்டிங் சிஸ்டமான ஜெனராவுல விண்டோ, நெட்வொர்க், ஃபைல் சிஸ்டம் எல்லாமே லிஸ்ப். உங்களுது சி லைப்ரரிக்குள்ள போய் உடைஞ்சா 'மெமரி ஃபால்ட்', 'கரப்ஷன் வார்னிங்'. அப்புறம் அந்த இமேஜை, அதாவது ஓடிட்டிருக்கற லிஸ்ப்போட மெமரி மொத்தத்தையும், நம்ப முடியுமா?

கோத்தகிரிக்காரன்: தினமும் நெட்வொர்க்கோட டிசிபி கோடையா திருத்தறோம்? ஆரம்பத்துல 3600ல, வேண்டாத மெமரியை மீட்டு எடுக்கற கார்பேஜ் கலெக்டரை நிறுத்திட்டு, இடம் தீர்ந்ததும் ரீபூட் பண்ணாங்களே, அதை ஏன் விட்டுட்டீங்க?

சிம்ஸ்பார்க்: புது டேட்டாவை மட்டும் அடிக்கடி துடைக்கற கார்பேஜ் கலெக்டர், எஃபெமரல் ஜிசி, வந்ததும் அந்தத் தொல்லை ரொம்பக் குறைஞ்சுது. ஸ்மால்டாக் மொழி பத்திப் பேசினப்பவும் இப்படித்தான் பேச்சை மாத்துனீங்க. சாக்கெட்டுக்கு அடியில என்ன பண்ணுவீங்க?

தொட்டபெட்டா: ஆடிக்காத்துல மரம் விழுந்து கரண்ட் போனா ரெண்டு பேர் இமேஜும் காலி. எஸ்பிசிஎல்ல இமேஜை சேவ் பண்ணப் போனா, ஸ்லைமோட த்ரெட் ஓடிட்டிருக்குன்னு மறுக்கும். வெறும் டெர்மினல்ல லோடு பண்ணித்தான் சேவ் பண்ணணும்.

கோத்தகிரிக்காரன்: சேவ் பண்ண வேண்டியது சோர்ஸை, கோடோட வெர்ஷன்களை வெச்சுக்கற கிட்ல. லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கு. ஃபிரிட்ஜ் சைஸ் 3600-ஐ எந்த வீட்டு இன்வர்ட்டர் தாங்கும்?

தொட்டபெட்டா: டெஸ்க்டாப்பே தாங்காதுங்க. பின்னாடி இருக்கற சுவிட்சை யுபிஎஸ் மோடுக்குத் தள்ளலேன்னா, கரண்ட்லேர்ந்து பேட்டரிக்கு மாறுற நேரத்துல ரீஸ்டார்ட் ஆயிடும்.

கோத்தகிரிக்காரன்: அது பேட்டரி தண்ணி வத்துனா. மோடு காரணமில்ல.

தொட்டபெட்டா: தண்ணி குறைஞ்சா பேக்கப் நேரம்தான் குறையும். மாறுற வேகத்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

சிம்ஸ்பார்க்: இன்வர்ட்டரை வேற எடத்துல பேசுங்க. கோத்தகிரி சார், மூணாவது தடவை கேக்கறேன். நெட்வொர்க்லேர்ந்து வர்ற டேட்டா தங்கற ரிசீவ் பஃபர்ல தப்பு, புரோகிராம் பாதியில நிக்குது. ஆபரேட்டிங் சிஸ்டத்தோட உள்பகுதியான கர்னல் சோர்ஸை இறக்கி, கம்பைல் பண்ணி, ரீபூட் பண்ணாம அதே ஃபிரேம்லேர்ந்து தொடர முடியுமா?

கோத்தகிரிக்காரன்: அந்தத் தப்பு என் கோடுல வர்றதே இல்ல சார்.

சிம்ஸ்பார்க்: கேட்டது அது இல்ல.