ஐந்தாம் மாதம் வந்த போன்

மஞ்சக்குப்பம் மருமகள்:
பத்தாவது வாரம் ஸ்கேனில் துடிப்பு இல்லை என்றார்கள். மாத்திரை வைத்தார்கள், அப்புறம் சுத்தம் செய்தார்கள். கரு கலைந்ததைப் பற்றிப் பேசும் இந்தக் குழுவில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் தெரிந்ததுதான், நீட்டவில்லை. எனக்கு உறுத்துவது வேறு. கர்ப்பிணிகளுக்கு அரசு வைத்திருக்கும் பிக்மி பதிவை யாரும் முடித்து வைக்கவில்லை, நானும் போய்ச் சொல்லவில்லை. இரண்டரை மாதம் கழித்து நர்ஸ் அக்கா போன் செய்தார். குக்கரில் மூன்றாவது விசில் வந்துகொண்டிருந்தது. "அஞ்சாம் மாசம் ஆச்சே, அசைவு தெரியுதாம்மா?" என்றார்.

"தெரியுதுக்கா" என்று சொல்லிவிட்டேன்.

சந்தோஷமாகச் சிரித்துவிட்டு வைத்தார். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

முத்தியால்பேட்டை:
என் மனைவிக்குப் போன ஆடியில். அவள் ஓ நெகட்டிவ், நான் பாசிட்டிவ். 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட வேண்டும், இல்லையென்றால் அடுத்த பிள்ளைக்குச் சிக்கல் வரலாம் என்றார் டாக்டர். அங்கே ஸ்டாக் இல்லை. நாலாவது மருந்துக் கடையில் கிடைத்தது. ஐஸ் போட்ட கவரை மடியில் வைத்து ஆட்டோவில் வந்தால், காந்தி வீதியில் ஞாயிறு சந்தைக் கூட்டம். வண்டி நகரவில்லை. ஐஸ் உருகி பேன்ட் நனைந்துகொண்டிருக்கிறது, பக்கத்திலேயே ஒருவர் "மூணு நூறு, மூணு நூறு" என்று குழந்தைச் சட்டைகளைத் தூக்கித் தூக்கிக் காட்டுகிறார். மஞ்சள் நிறத்தில் ஒன்று. வீட்டில் இதைச் சொன்னதே இல்லை.

நெல்லிக்குப்பம் அத்தை:
படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. சொல்கிறேனே என்று கோபிக்க வேண்டாம். 1998இல் எனக்குப் போனது, கடலூர் பஸ்ஸில் குலுங்கியதால்தான். முந்தின நாள் பலாச்சுளை வேறு தின்றிருந்தேன். இப்போதுள்ள பெண்கள் ஸ்கூட்டியை விடுவதில்லை. மூன்று மாதமாவது வீட்டில் இருங்கள்.

லாஸ்பேட்டை:
அத்தை, உங்கள் வயதுக்கு மரியாதை உண்டு, ஆனால் இதை அப்படியே விட முடியாது. பலாச்சுளைக்குக் கரு கலையும் என்றால் பண்ருட்டியில் பிள்ளையே பிறந்திருக்காது! எனக்கு இரண்டு முறை கலைந்தது. இரண்டாவது தடவை மாமியார் என் வண்டிச் சாவியை பூஜை அறையில், பிள்ளையார் பின்னால் ஒளித்து வைத்தார். நான் வண்டியைத் தொட்டே ஒரு மாதம் ஆகியிருந்தது, அப்போதும் போனது. என் கதை அவ்வளவுதான்.

உறுதியான கர்ப்பங்களிலேயே நூற்றுக்கு 10 முதல் 20 வரை கலைகின்றன, பெரும்பாலும் முதல் 12 வாரத்துக்குள். ஆரம்பத்தில் கலைவதில் ஏறக்குறைய பாதிக்குக் கருவின் குரோமோசோம் எண்ணிக்கையில் வந்த பிசகுதான் காரணம். பஸ் ஏறினதும் படி ஏறினதும் அல்ல. மருமகளே, கேட்காமலே சொல்கிறேன்: கலைந்த பிறகும் சில வாரம் சோதனையில் இரண்டு கோடு வரலாம், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். மணிக்கு இரண்டு நாப்கின் நனைகிற அளவு போனாலோ, காய்ச்சலும் துர்நாற்றமும் இருந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. திரும்பத் திரும்பக் கலைந்தால் தைராய்டு, சர்க்கரை, ரத்தம் உறைவதில் கோளாறு எல்லாம் பார்ப்பார்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று. கரு கலைந்தாலும் 6 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்று 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். என் பழைய ஆபீசில் அதை வாய் திறந்து சொன்னவர் ஒருவரும் இல்லை. நான் நாலாம் நாள் போய் உட்கார்ந்தேன்.

நெல்லிக்குப்பம் அத்தை:
டாக்டரம்மா அன்றைக்குக் காரணம் எதுவும் சொல்லவில்லை. பஸ் என்பது நானாக முடிவு செய்தது. அந்த டிரைவரை எத்தனை வருஷம் திட்டியிருப்பேன், பாவம்.

முத்தியால்பேட்டை:
அத்தை, நானும் ஒரு வாரம் அந்த ஆட்டோக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஊசி நேரத்துக்குப் போட்டாகிவிட்டது என்பது வேறு விஷயம்.

மஞ்சக்குப்பம் மருமகள்:
நேற்று நானே நர்ஸ் அக்காவுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அன்னைக்குக் குரல் ஒரு மாதிரி இருந்துச்சும்மா" என்றார். பதிவை முடித்துவிடுவதாகச் சொன்னார். வைக்கும்போது, "இரும்புச்சத்து மாத்திரை மீதி இருக்கா? நிறுத்தாதே, சாப்பிடு" என்றார். பீரோ மேல் ஒன்றரை அட்டை இருக்கிறது.