பெத்தாவின் வேப்பங்குழையும் ஹிப்னோடிசமும்

ஆரையம்பதியான்:
சின்ன வயதில் தலையிடி என்றால் பெத்தா (பாட்டி) என்னைத் திண்ணையில் இருத்தி, வேப்பங்குழையால் தலையிலிருந்து கால்வரை தடவித் தடவிப் பார்வை பார்ப்பா. கொஞ்சத்தில் அவவுக்குக் கொட்டாவி வரும், எனக்கு நித்திரை வரும். எழும்பினால் தலையிடி இருக்காது. போன கிழமை கொழும்பில் ஒரு நண்பன், "அது வெறும் ஹிப்னோடிசம்" என்றான். மட்டக்களப்பான் என்றாலே மந்திரத்தால் ஆளைப் பாயோடு ஒட்டவைப்பவன் என்று பகிடி பண்ணுகிற ஆள் அவன். டொக்டர்மார் உண்மையிலே இதைப் பாவித்தார்களா?

களுவாஞ்சிக்குடி நேர்ஸ் (ஓய்வு):
பாவித்தார்கள் தம்பி, அதுவும் கத்தி வைக்க. ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற ஸ்கொட்லாந்து சேர்ஜன் வங்காளத்து ஹூக்ளியில் இருந்தார். 1845 ஏப்ரல் 4ஆம் திகதி, விதைப்பையில் நீர் கட்டி வலியில் துடித்த ஒரு கைதிக்கு முதன்முதலாக மெஸ்மரிசம், அதாவது ஹிப்னோடிசத்துக்கு முன்னோடியான முறை, செய்து பார்த்தார். அதுவரை அதைப்பற்றி வாசித்ததோடு சரி. இருட்டறையில் நோயாளியைக் கிடத்தி, முகத்திலிருந்து வயிறுவரை கையை மெதுவாக இறக்கிக்கொண்டே இருப்பது, இடைக்கிடை மூச்சை ஊதுவது. கையில் குழை இல்லாத குறைதான்! மணிக்கணக்காகும் என்பதால் ஆஸ்பத்திரியில் வேலைசெய்த உள்ளூர்ப் பெடியன்களைப் பழக்கிவிட்டார். யானைக்கால் நோயால் பெருத்த கட்டிகளை அப்படித்தான் அறுத்தெடுத்தார். 1846இல் கல்கத்தாவில் இதற்கென்றே ஓர் ஆஸ்பத்திரி கிடைத்தது. அதே வருசம் ஒக்டோபரில் பொஸ்டனில் ஈதர் கொடுத்து அறுத்துக்காட்டினார்கள், அடுத்த வருசம் குளோரோஃபோம். நிமிசத்தில் மயக்கும் மருந்து வந்தபிறகு யார் மணிக்கணக்கில் கை வீசுவது? ஒப்பரேஷன் தியேட்டரில் நின்றவள் சொல்கிறேன், நான் வீசமாட்டேன்.

அக்கரைப்பற்றுப் படப்பெட்டி:
இதைப் படமாகவும் எடுத்தார்கள். ருமேனிய டொக்டர் மரினெஸ்கு, ஹிஸ்டீரியாவால் உடம்பின் ஒருபக்கம் செயலிழந்த நோயாளி ஹிப்னோடிசத்தால் குணமானதை 1899இலேயே படம்பிடித்தார். 1917-18இல் இங்கிலாந்தில் டொக்டர் ஆர்தர் ஹர்ஸ்ட், போரில் நடை குழம்பிய சிப்பாய்களைச் சிகிச்சைக்கு முன், பின் என்று எடுத்தார். 'முன்' காட்சிகளில் சில, குணமானபின் நடித்துக் காட்டியவையாக இருக்கலாம் என்று ஆய்வாளர்களுக்குச் சந்தேகம். எனக்கும்தான்.

களுவாஞ்சிக்குடி நேர்ஸ் (ஓய்வு):
அந்த 'வெறும்' என்ற சொல்லுக்கு ஒரு கதை. மெஸ்மரிசத்துக்குப் பெயர் தந்த மெஸ்மர், உடம்பில் ஒருவகைக் காந்த சக்தி ஏற்றிக் குணமாக்குவதாகச் சொன்னவர். 1784இல் அவருடைய முறையை விசாரித்த பிரெஞ்சு அரச குழுவில் பெஞ்சமின் பிராங்ளின் இருந்தார். பிராங்ளினின் தோட்டத்தில் ஒரு மரத்துக்கு மட்டும் 'காந்தம்' ஏற்றிவிட்டு, 12 வயதுப் பொடியனைக் கண்ணைக் கட்டி மரம்மரமாகக் கூட்டிப்போனார்கள். அவன் வேறொரு மரத்தடியில் மயங்கி விழுந்தான். எல்லாம் கற்பனை என்று குழு எழுதியது. விழுந்தது என்னவோ உண்மைதானே?

ஆரையம்பதியான்:
நன்றி அக்கா. ஒருநாள் இரவு மழை, கரண்டும் இல்லை. பெத்தா இருட்டில் கறிவேப்பிலைக் குழையை முறித்துக்கொண்டு வந்துவிட்டா. வாசத்தில் எனக்கு விளங்கியது, சொல்லவில்லை. அன்றைக்கும் நித்திரை வந்தது.