சிஏஜி அறிக்கையால் யாருக்கு என்ன ஆயிற்று?

வடக்குவீதி: கூட்டத்தொடர் முடிகிற நேரமாகப் பார்த்து சிஏஜி (அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) அறிக்கையை அவையில் வைக்கிறார்கள். மறுநாள் பேப்பரில் 'முறைகேடு அம்பலம்'. அப்புறம்? ஒன்றுமில்லை. வழக்குப் போடவோ தண்டிக்கவோ அதிகாரம் இல்லாத அமைப்பை வைத்துக்கொண்டு என்ன பயன்?

பேரேடு: சிஏஜி போலீஸ் இல்லை. கணக்கைப் பார்த்து உள்ளதைச் சொல்வதுதான் அதன் வேலை. சொன்னதற்குப் பலன் இல்லை என்பதும் சரியில்லை. 2ஜி அலைக்கற்றை ஒதுக்கீடு பற்றிய அறிக்கை வந்தது 2010இல். 2012இல் உச்ச நீதிமன்றம் 122 தொலைத்தொடர்பு உரிமங்களை ரத்து செய்தது. நிலக்கரி அறிக்கை 2012இல், 2014இல் 204 சுரங்க ஒதுக்கீடுகள் ரத்து.

வடக்குவீதி: 2017 டிசம்பரில் 2ஜி வழக்கில் எல்லோரையும் சிறப்பு நீதிமன்றம் விடுதலை செய்ததை ஏன் விட்டுவிட்டீர்கள்? அரசுக்கு இழப்பு 1.76 லட்சம் கோடி ரூபாய் என்று நாடே பேசியது. கடைசியில் அது வெறும் உத்தேசம்!

பேரேடு: உத்தேசம் என்று அந்த அறிக்கையே சொல்கிறது. 57,666 கோடியில் தொடங்கி 1,76,645 கோடி வரை வெவ்வேறு கணக்குகள் அதில் உண்டு. பெரிய எண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடியது நாம்தான். குற்ற வழக்கில் விடுதலை வந்ததால் ரத்தான உரிமங்கள் உயிர் பெற்றுவிடவில்லையே.

சிவப்புமை: குறுக்கே வருகிறேன், நான் அரசு ஊழியர். எங்கள் ஆபீசில் ஆடிட் என்றால் ஒரு வாரம் வவுச்சர் தேடுவதே வேலை. குறைந்த விலைப்புள்ளியை விட்டுவிட்டு நல்ல பொருள் வாங்கினால் தணிக்கைத் தடை. மட்டமானதை வாங்கி அது ஆறு மாதத்தில் உடைந்தால் யாரும் கேட்கமாட்டார்கள். கோப்பில் கையெழுத்துப் போடவே பயம்.

பேரேடு: அந்தக் குறை உண்மை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வடக்குவீதி, உங்கள் கோபம் போகவேண்டிய இடம் வேறு. அறிக்கையை அவையில் வைக்க வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 151ஆம் பிரிவு. எத்தனை நாளுக்குள் என்று சொல்லவில்லை. அந்த ஓட்டைதான் அரசுகளுக்கு வசதி.

வடக்குவீதி: சரி, நாளைக்கே வைக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து அது, அவை உறுப்பினர்கள் உட்கார்ந்து அதை ஆராயும் பொதுக் கணக்குக் குழுவுக்குத்தானே போகும்? முறைகேட்டைச் சொல்லும் பத்தி விவாதத்துக்கு வருவதற்குள் சம்பந்தப்பட்ட அதிகாரி ஓய்வு பெற்று, பேரன் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்திருப்பார்.