ஸ்டாப்: நிறுத்தமா, படியா?

காரைக்குடியிலிருந்து

குழுவினருக்கு வணக்கம்.

புதுக் கேமரா கைக்கு வந்து பதினோரு நாள் ஆகிறது. கம்பெனி பெயரைக் கேட்டு யாரும் எழுத வேண்டாம். சொன்னால் பேச்சு அதுவா இதுவா என்று திசை மாறிவிடும், நான் கேட்க வந்தது, 'ஸ்டாப்' என்ற கேமராச் சொல்லுக்குத் தமிழ் என்ன என்பது, அப்படியே கிடக்கும். முழு ஃபிரேம், மிரர்லெஸ், 24 மெகாபிக்சல். தலையில் பழைய ஃபிலிம் கேமரா மாதிரி டயல்கள்: ஒன்றில் ஷட்டர் (வெளிச்சத்தை எவ்வளவு நேரம் விடுவது), ஒன்றில் ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தை எவ்வளவு கூட்டி உணர்வது). லென்ஸின் துளை எண் தெரிய ஒரு சின்ன ஜன்னல், எண் கூடினால் துளை சிறிது. பார்க்க அழகு, பிடிக்கத்தான் பிடிமானம் இல்லை. சித்திரை வெயிலில் வேர்த்த கையிலிருந்து சோப்பு மாதிரி வழுக்குகிறது. வார் போடாமல் தூக்குவதில்லை என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டேன்.

கானாடுகாத்தானில் ஒரு வீட்டு மணிவிழா. வெளிச்சம் பார்த்து வர முந்தின நாளே போனேன். செட்டிநாட்டு வீட்டில் படம் எடுத்தவர்களுக்கு அந்த அவஸ்தை தெரியும். வளவில், அதாவது நடு முற்றத்தில், உச்சி வெயில் கொட்டுகிறது. நாலடி தள்ளித் தாழ்வாரம், தேக்குத் தூண், அதற்குப் பின்னால் அறை வாசல், உள்ளே இருட்டு. தரையில் ஆத்தங்குடிக் கல் வேறு, வெயிலை வாங்கிக் கண்ணில் அடிக்கும். சுவரில் முட்டை வெள்ளை கலந்து தேய்த்த பூச்சு, அதுவும் கண்ணாடிதான். வளவுக்கு அளந்தால் ஐஎஸ்ஓ 100, துளை 16, ஷட்டர் 125-ல் ஒன்று. அதே ஐஎஸ்ஓ-வில் அறை வாசலுக்கு அளந்தால் துளை 2.8, ஷட்டர் கால் விநாடி. துளையில் ஐந்து, ஷட்டரில் ஐந்து, ஆகப் பத்து ஸ்டாப். ஒரு ஸ்டாப்புக்கு ஒரு பாதி என்று குறைந்துகொண்டே போனால், வெளியே இருப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்கு வெளிச்சம்தான் உள்ளே.

பழைய கேமராவாக இருந்தால் ஒன்றை விட்டுத்தான் ஒன்றைப் பிடிக்க முடியும். இதில் வளவுக்கு அளந்து எடுத்து, வீட்டுக்கு வந்து இருட்டைத் தூக்கினேன். அறை வாசலில் சாய்த்து வைத்திருந்த ஓலைக் கொட்டானின் பின்னல்கூடத் தெரிந்தது. கொஞ்சம் மணல் தூவின மாதிரி இரைச்சல் இருந்தது, ஆனால் பச்சையோ ஊதாவோ படரவில்லை. எடுக்கும்போதே வியூஃபைண்டரில் வெளுத்துப்போகிற இடம் வரிவரியாக ஓடிக் காட்டுகிறது. பூச்சுச் சுவரில் வரி ஓடாத வரைக்கும் பிழைத்தோம்.

சரி, கேட்க வந்தது. என்னிடம் வேலை பழகும் தம்பிக்காகத் தமிழில் ஒரு குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். 'ஸ்டாப்'பில் சிக்கிக்கொண்டேன். போன மாதம் இங்கே ஒருவர் 'நிறுத்தம்' என்று போட்டிருந்தார். எழுதிப் பார்த்தேன்: "இந்தக் கேமரா எட்டு நிறுத்தம் வரை கை நடுக்கத்தைத் தாங்கும்." காரைக்குடியிலிருந்து கோட்டையூர் போகும் டவுன் பஸ் ஞாபகம்தான் வருகிறது. வேறு சொல் இருக்கிறதா?

கோவையிலிருந்து

அண்ணே, நான் லென்ஸ் கழற்றி மாட்டுகிறவன், மொழி எனக்கு அவ்வளவு வராது. ஆனால் அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தெரியும். பழைய லென்ஸ்களில் இன்று இருக்கிற மாதிரி துளையைச் சுருக்கும் இதழ்கள் கிடையாது. ஓட்டை போட்ட பித்தளைத் தகடு ஒன்றை லென்ஸுக்கு நடுவே சொருகுவார்கள். பெரிய ஓட்டைத் தகடு, சின்ன ஓட்டைத் தகடு என்று ஒரு கட்டே இருக்கும். 1858-ல் ஜான் வாட்டர்ஹவுஸ் என்ற இங்கிலாந்துக்காரர் கொண்டுவந்த ஏற்பாடு. ஓரத்து வெளிச்சத்தைத் தகடு தடுத்து நிறுத்துகிறது, அதனால் ஸ்டாப். ஆகவே நிறுத்தம் என்று சொன்னவரைச் சிரிக்க வேண்டாம். 'தடுப்பு' என்று வைத்தால் வேருக்கும் பொருந்தும், பஸ்ஸும் வராது.

தேவகோட்டையிலிருந்து

கோவைத் தம்பி சொன்ன வரலாறு சரி. ஆனால் இன்று ஷட்டரை மாற்றினாலும் ஸ்டாப், ஐஎஸ்ஓ-வை மாற்றினாலும் ஸ்டாப். அங்கே எந்தத் தகடு எதைத் தடுக்கிறது? சொல் பிறந்த இடத்தை மொழிபெயர்க்கக் கூடாது, இன்று அது செய்கிற வேலையைத்தான் மொழிபெயர்க்க வேண்டும். முப்பத்தொரு வருஷம் இயற்பியல் நடத்தியவள் என்பதால் இந்தப் பிடிவாதம்.

வேலை என்ன? இரட்டிப்பு, அல்லது பாதி. ஷட்டர் 125-லிருந்து 60-க்குப் போனால் வெளிச்சம் இரு மடங்கு. ஐஎஸ்ஓ 100-லிருந்து 200-க்கும் அப்படியே. துளை எண்தான் 1.4, 2, 2.8, 4 என்று கோணலாகப் போகும். துளையின் பரப்பு பாதியாக வேண்டுமானால் விட்டத்தை இரண்டின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும், அதனால் அப்படி. பாடகர்களின் ஸ்தாயியும் இதே கணக்குத்தான், மேல் ஸ்தாயி சட்ஜத்துக்கு அதிர்வெண் இரு மடங்கு. அதனால் என் ஓட்டு 'இரட்டி'. "பத்து இரட்டி வித்தியாசம்." கேட்டவுடன் கணக்கும் புரிந்துவிடும்.

புதுக்கோட்டையிலிருந்து

அம்மா, மன்னிக்கணும். இரட்டி என்று எழுதலாம். வாயில் 'ரெட்டி' என்றுதான் வரும். கல்யாண மண்டபத்தில் நின்றுகொண்டு "ரெண்டு ரெட்டி குறைடா" என்று கத்தினால் பந்தியில் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள். ஸ்டாப் என்றே விட்டுவிடுங்களேன். பஸ் மாதிரி, சோப்பு மாதிரி அதுவும் தமிழாகிவிட்டது.

காரைக்குடியிலிருந்து

புதுக்கோட்டைத் தம்பிக்கு: பஸ் என்றால் தம்பிக்குப் பஸ் தெரியும். ஸ்டாப் என்றால் என்னிடம் இருக்கும் பையனுக்கு டயலில் ஒரு 'டிக்' சத்தம், அவ்வளவுதான். ஒரு டிக்குக்கு வெளிச்சம் எவ்வளவு கூடும் என்று கேட்டேன். "கொஞ்சம்ணே" என்றான். அதனால்தான் சொல் தேடுகிறேன்.

நேற்று ஒன்று நடந்தது. அந்தக் கானாடுகாத்தான் வீட்டில் இரண்டாங்கட்டில் உட்கார்ந்து டயலை வைத்துப் பையனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டு ஆச்சிக்கு எண்பதைத் தாண்டியிருக்கும். சமையல் ஆளுக்கு அரிசி அளந்து போட்டுக்கொண்டிருந்தவர், காது மட்டும் எங்கள் பக்கம். பக்கத்தில் பித்தளை அளவுகள் வரிசையாக, ஒன்றைவிட ஒன்று சிறிது, விளிம்பெல்லாம் தேய்ந்து பளபளவென்று. நான் "ஒவ்வொன்றும் முன்னதுக்கு ரெட்டிப்பு" என்று மூன்றாவது தடவை சொன்னபோது ஆச்சிக்குப் பொறுக்கவில்லை.

"ரெண்டு ஆழாக்கு ஒரு உழக்கு. ரெண்டு உழக்கு ஒரு உரி. ரெண்டு உரி ஒரு படி. இதச் சொல்றதுக்கு இவ்வளவு நேரமாப்பா?"

உழக்கில் அரிசியை எடுத்து, தலை தட்டி, உரியில் கொட்டினார். பாதி நின்றது. இன்னொரு உழக்கு போட்டார், நிறைந்தது. உரியைப் படியில் கவிழ்த்தார். அதிலும் பாதி. பையன் கேமராவைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் அவனாகவே ஐஎஸ்ஓ டயலைத் திருப்பி "நூறு ஆழாக்கு, இருநூறு உழக்கு, நானூறு உரி, எண்ணூறு படி" என்றான். எனக்கு அந்தக் கேமரா வாங்கின காசு அங்கேயே வந்துவிட்டது.

ஆகவே என் முன்மொழிவு: ஸ்டாப்புக்குப் 'படி'. தனியாகக் குழப்பும் என்றால் 'ஒளிப்படி'. பத்துப் படி வித்தியாசம், எட்டுப் படி நடுக்கம் தாங்கும், ஒரு படி ஏத்து, அரைப் படி இறக்கு. எல்லாம் வாயில் உட்காருகிறது.

டொரோண்டோவிலிருந்து

'ஒளிப்படி' வேண்டாம். அது ஏற்கெனவே போட்டோ கொப்பிக்கு வைத்த சொல். படி என்றால் நகல் என்றும் பொருள், கையெழுத்துப் படி, மூலப்படி என்கிறோம் அல்லவா. "பத்து ஒளிப்படி" என்று எழுதினால் கடையில் பத்துத் தாள் எடுத்துத் தருவார்கள். தனிப் 'படி' எனக்குச் சம்மதம். எங்கட பக்கம் அரிசிக்குக் கொத்தும் சுண்டும்தான், நாலு சுண்டு ஒரு கொத்து. எண்டாலும் படி எண்டால் விளங்கும்.

தேவகோட்டையிலிருந்து

இரட்டியை நான் வாபஸ் வாங்குகிறேன். ஆனால் காரைக்குடித் தம்பி ஒரு இடத்தில் இடறிவிட்டார். ஆச்சி காட்டியதில் படி என்பது ஒரு அளவின் பெயர், ஏணியின் ஒரு கட்டம் மட்டும். நீங்கள் சொல்வதோ ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவே இருக்கும் தாவலை. அந்த இடத்துக்கு உங்களுக்கு உதவுவது அரிசிப் படி இல்லை, வாசற்படி. வாசற்படியோ ஒவ்வொன்றும் ஒரே உயரம், இரட்டிப்பாகாது. ஒரு சொல்லுக்குள் இரண்டு படியையும் போட்டுக் கலக்கியிருக்கிறீர்கள். கலக்கியதுதான் நன்றாக வந்திருக்கிறது என்பது வேறு விஷயம்: ஏறுவது வாசற்படி மாதிரி, ஏறினால் கிடைப்பது அரிசிப் படி மாதிரி.

இன்னொன்று. மேலே போய்ப் பாருங்கள். ஆச்சியின் படிக்கே நாழி என்றும் பெயர். எட்டு நாழி ஒரு குறுணி, அதுதான் மரக்கால். எட்டு என்றால் மூன்று இரட்டிப்பு. இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி. ஆழாக்கிலிருந்து தூணி சரியாக எட்டு இரட்டிப்பு, 256 மடங்கு. கை நடுக்கத்துக்கு என்று உங்கள் கேமரா பெட்டியில் அச்சடித்திருக்கும் எட்டு அதுதான். தூணிக்கு மேலே மூன்று தூணி ஒரு கலம் என்று வந்து கணக்கைக் கெடுக்கிறது. ஆழாக்குக்குக் கீழேயும் ஐந்து செவிடு என்று கெடுகிறது. நடுவில் இருக்கும் ஏணி மட்டும் கேமராக்காரர்களுக்கென்றே செய்த மாதிரி இருக்கிறது. உங்கள் கேமரா படத்தைச் சேமிக்கும் 14 பிட் கோப்பும் அதே ஏணிதான், ஒரு பிட் கூடினால் எண்ணிக்கை இரு மடங்கு, பதினாலுக்கு 16,384.

ஷட்டருக்கு அதைவிடப் பொருத்தம் கீழ்வாய் இலக்கத்தில், அதாவது நம் பழைய பின்னக் கணக்கில் இருக்கிறது. அரை, கால், அரைக்கால், மாகாணி, அரைவீசம், கால்வீசம். அதாவது 2-ல் ஒன்று, 4, 8, 16, 32, 64. கேமராக்காரர்கள் 16-ஐ 15 என்றும் 32-ஐ 30 என்றும் 64-ஐ 60 என்றும் உருட்டிக்கொண்டார்கள், அவ்வளவுதான். வட்டிக்கடைக் கணக்குப்பிள்ளைகள் வாயில் உருண்ட எண்கள் இவை. ஜப்பானுக்குப் போய்ப் போட்டோக் கலை படித்து, 1940-ல் காந்தி ஆவணப்படத்தை முடித்த ஏ.கே. செட்டியார் உங்கள் பக்கத்துக் கோட்டையூர்க்காரர். இந்த ஊர்ப்பக்கம் கேமராவும் கணக்கும் ஒன்றுக்கொன்று அந்நியமில்லை.

காரைக்குடியிலிருந்து

டீச்சரம்மா சொன்னதும் ஃபிளாஷை எடுத்துப் பார்த்தேன். அதில் உருட்டல்கூடக் கிடையாது. முழுசு, அரை, கால், அரைக்கால், பிறகு 16-ல் ஒன்று என்று மாகாணியே சுத்தமாக இருக்கிறது. ஆறு வருஷமாக இந்த ஃபிளாஷை வைத்திருக்கிறேன். எங்கள் ஐயா வாயில் மாகாணியைக் கேட்டு வளர்ந்தவன்தான் நானும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

ஒளிப்படியை எடுத்துவிட்டேன். குறிப்பில் 'படி' மட்டும். தாளில் முதல் தடவை வரும் இடத்தில் 'வெளிச்சப் படி' என்று போட்டு, ஒரு படி என்றால் இரு மடங்கு அல்லது பாதி என்று எழுதியிருக்கிறேன். கேமரா ஒரே படத்தில் தாங்கும் வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள தூரத்தை 'வீச்சு' என்று வைத்திருக்கிறேன்: "இதன் வீச்சு பதினாலு படி." அதற்கு வேறு சொல் இருந்தால் தனி இழையில் சண்டை போடலாம்.

நேற்று மணிவிழாவில் சொல்லைப் பரீட்சை பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன், மறைக்க வேண்டியதில்லை. முகப்பில் தம்பதி நிற்கிறார்கள், மாலையோடு. பையன் கம்பில் மாட்டிய ஃபிளாஷைப் பிடித்துக்கொண்டு திண்ணைப் படிக்கட்டில் மேலே நிற்கிறான். ஆச்சிகள் பட்டெல்லாம் வெளுக்கிறது. "ரெண்டு படி இறக்குடா" என்றேன். பையன் கடகடவென்று ரெண்டு படி இறங்கினான். ஃபிளாஷ் இன்னும் கிட்டே வந்து, படம் முன்னைவிட வெளுத்தது. மாப்பிள்ளையாக நின்ற அறுபது வயசுக்காரர் சிரித்துவிட்டார், அந்தப் படம்தான் அன்றைக்கு நல்ல படம்.

சரி, டீச்சரம்மா வழியில் போவோம் என்று "கால்ல வை" என்றேன். குனிந்து தன் காலைப் பார்த்தான்.

குறிப்பில் இப்போது "வெளிச்சத்தை ரெண்டு படி இறக்கு" என்று முழுசாக எழுதியிருக்கிறேன். படிக்கட்டில் அவனை நிறுத்துவதையும் விட்டுவிட்டேன்.