பெட்ரோல் டேங்க்கில் கைவைத்த கதைகள்

எட்டுநூறுக்காரன்:
1996 மாருதி 800, கார்புரேட்டர் வண்டி, அதாவது இன்ஜின் இழுக்கிற காற்றில் பெட்ரோலைக் கலக்கிற பழைய முறை. உடைக்கிற கடையிலிருந்து எம்.பி.எஃப்.ஐ. இன்ஜின் (பெட்ரோலை அழுத்தத்தில் பீய்ச்சுகிற வகை) வாங்கிப் போட்டேன். டேங்க்கை மாற்றவில்லை. மெக்கானிக் அடியில் ஒரு எலக்ட்ரிக் பம்ப் கட்டி, பழைய லைனிலேயே விட்டுவிட்டார். மூன்றாம் நாள் சிக்னலில் பெட்ரோல் வாடை. முன்னால் நின்ற பைக் என்று நினைத்தேன். பைக் போயும் வாடை போகவில்லை. பானெட்டைத் திறந்தால், கிளிப்புக்குப் பக்கத்தில் ஹோஸ் நெல்லிக்காய் மாதிரி புடைத்திருக்கிறது. உச்சியில் மயிரிழை வெடிப்பு, அதிலிருந்து பெட்ரோல் பொடிச்சாரலாகச் சீறுகிறது. சூடான புகை வெளியேறுகிற மேனிஃபோல்டு குழாய் ஒரு சாண் தூரம். சாவியை அணைக்க வேண்டும் என்றே தோன்றவில்லை, பார்த்துக்கொண்டு நிற்கிறேன். பின்னால் வந்த ஆட்டோக்காரர்தான் கையை உள்ளே விட்டு அணைத்தார்.

பட்டறைவாசி:
எங்கள் பட்டறையில் ஒரு பத்மினி காரின் டேங்க் ஓட்டை. பெட்ரோலை வடித்து மூன்று நாள் வெயிலில் வைத்தார்கள், காய்ந்துவிட்டது என்று கேஸ் வெல்டிங். 'தொம்' என்று ஒரே சத்தம். தட்டையாக இருந்த டேங்க் தவில் மாதிரி உப்பிக் கிடந்தது. யாருக்கும் அடியில்லை. இப்போது வாய்வரை தண்ணீர் நிரப்பி, பற்ற வைக்கிற இடம் மட்டும் மேலே தெரிகிற மாதிரி வைக்கிறோம்.

மலைப்பாதை:
பட்டறை அண்ணே, தண்ணீர் சரி, ஆனால் உள்ளே துரு பிடிக்குமே? 800 தம்பி சொல்வது பாதிதான் சரி. ஹோஸ் மேல் தப்பில்லை. கார்புரேட்டருக்குக் கால் பார் அழுத்தம் போதும், எம்.பி.எஃப்.ஐ.க்கு 3 பார் அளவுக்கு வேண்டும். பத்து மடங்குக்கும் மேல். பழைய ஹோஸ் என்ன செய்யும், பாவம்? அந்தத் திருகுக் கிளிப்பும் ரப்பரை அறுக்கும், இன்ஜெக்‌ஷன் கிளாம்ப் என்றே தனியாக இருக்கிறது, அதைப் போடுங்கள். மிஞ்சின பெட்ரோல் திரும்புகிற ரிட்டர்ன் லைன் டேங்க் வரை போக வேண்டும். பம்ப்புக்கு முன்னாலேயே சேர்த்துவிட்டால் அதே பெட்ரோல் சுற்றிச்சுற்றிச் சூடாகும். பழைய டேங்க்கில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்காமல் பிடிக்கிற தடுப்பும் இருக்காது, கால் டேங்க்கில் வளைவு திரும்பினால் பம்ப் காற்றை இழுக்கும். ஆர்.சி.யில் இன்ஜின் மாற்றத்தை ஏற்றினீர்களா? அப்புறம், இன்ஜின் நின்றால் பம்ப்புக்குக் கரண்ட்டை வெட்டுகிற ரிலே இருக்கிறதா? சாவிக்கு நேராக வயர் கொடுத்திருந்தால், இடித்து இன்ஜின் நின்றாலும் பம்ப் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும்.
என் கதை சின்னது. கல்லாறு தாண்டிக் குன்னூர் ஏற்றத்தில் பம்ப் சூடேறி, உள்ளே பெட்ரோல் ஆவியாகி, அம்பாசடர் நின்றுவிட்டது. பம்ப் மேல் ஈரத் துண்டு போட்டு, கால் மணி நேரம் பார்த்தும் கிளம்பவில்லை. கடைசியில் மனைவி ஃபிளாஸ்க்கில் இருந்த ஐஸ் தண்ணீரை ஊற்றினாள், கிளம்பிவிட்டது.

எட்டுநூறுக்காரன்:
ஹோஸ் மேல் தப்பு என்று நான் எங்கே சொன்னேன்? ஆர்.சி. ஏற்றியாகிவிட்டது. வயர் சாவிக்கு நேராகத்தான் இருந்தது, உங்கள் பதிலைப் படித்துவிட்டு இப்போதுதான் போய்ப் பார்த்தேன். பேட்டரியைக் கழற்றி வைத்திருக்கிறேன்.